முதல் போர்டில் பகவதி அக்கா

பகவதி அக்காவிடம் கையை நீட்டாதவர்கள் கரமனையில் குறைவு. காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் நீலநிற ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவாள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கவேண்டியவர்கள் காப்பிக்கு ஏங்கியபடி கேட்டுக்கு வெளியே வந்து நிற்பார்கள். ஒன்பது மணிக்குள் பதினைந்து வீடு. மற்ற லேப்காரர்கள் மூன்று இடத்தில் குத்திவிட்டு நரம்பு சரியில்லை என்று நோயாளிமேல் பழியைப் போடுவார்கள். அக்கா ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். எல்லாம் முடிந்து பஞ்சை வைத்த பிறகு, “எப்போ குத்துவே?” என்று கேட்ட ஆட்கள் உண்டு. என் அப்பா அதில் ஒருவர்.

வயது நாற்பத்தொன்று. சொந்த ஊர் சுசீந்திரம் பக்கம். அவளுக்கு இரண்டு அண்ணன்மார். எதிரில் உட்கார ஆள் வேண்டும் என்பதற்காக அவர்கள்தான் செஸ் சொல்லிக் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பில் அவள் தொடர்ந்து ஜெயிக்க ஆரம்பித்ததும் அண்ணன்மாருக்குப் பரீட்சை வந்துவிட்டது. அந்தப் பரீட்சை இன்றைக்கும் முடியவில்லை. கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து, மகள் அஞ்சு பிறந்து, அந்தப் பிள்ளை ஸ்கூலுக்குப் போகத் தொடங்கியபின் ஒருநாள் அக்கா எங்கள் செஸ் கிளப்பின் மாடிப்படியில் ஏறி வந்தாள். கிளப் என்பது ஒரு வாசகசாலையின் மேல்மாடி. ஆறு மேஜை, எட்டு போர்டு, இரண்டு மின்விசிறி. அதில் ஒன்று மட்டும் சுற்றும்.

கிளப்புக்கு அழகியநம்பி அண்ணாச்சி கேப்டன். சாலை மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். அவர் அக்காவை ரிசர்வ் என்று எழுதிக்கொண்டார். ரிசர்வ் என்றால், நாலு பேரில் யாராவது வரமுடியாமல் போனால் ஆடவேண்டிய ஐந்தாவது ஆள். ஒன்பது வருடம் அவள் ரிசர்வாக இருந்தாள். ஒன்பது வருடமும் போட்டிக்கு முதல் ஆளாக வந்து காய்களை அடுக்கினாள், கடிகாரங்களுக்கு பேட்டரி போட்டாள், டீம் பெயர்களை எழுதுகிற பாரங்களை நிரப்பினாள். ஒரு வருடம் அனூப்புக்கு டெங்கு வந்தது. அவனுக்குக் கழக்கூட்டம் என்கிற ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, எங்கள் டீமில் மூன்றாம் போர்டில் ஆடுகிறவன். சரி, அக்காவுக்கு நேரம் வந்தாச்சு என்று பார்த்தால், அண்ணாச்சி நெடுமங்காட்டிலிருந்து தன் மச்சினன் மகனைக் கூட்டிவந்து உட்காரவைத்தார். அக்கா கையில் கடிகாரத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு நான் சிறுவன், பக்கத்தில்தான் நின்றேன். “அக்கா, நீங்க ரிசர்வ்லா?” என்று கேட்டேன். “ஆமாடே,” என்றாள். “அலமாரியும் ரிசர்வ்தான். அதையும் யாரும் ஆட விடமாட்டாவ.”

இந்த வருடம் எங்கள் இரண்டாம் போர்டு ஆள் வேலை மாற்றலாகி வெளியூர் போய்விட்டார். ஓணக் கோப்பைப் போட்டிக்கு முன்னால் அண்ணாச்சி அக்காவைக் கூப்பிட்டார்.

“பகவதி, இந்தத் தடவ நீ ஃபர்ஸ்ட் போர்டு.”

அக்கா பாரத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “எதுல?”

“டீம்லதான். நான் செகண்ட் போர்டுக்கு மாறிக்கிடுதேன்.”

“ஃபர்ஸ்ட் போர்டு நீங்கல்லா அண்ணாச்சி.”

“ஒம்பது வருஷம் ஆச்சுல்லா உனக்கு. உரிமை உள்ள ஆளுக்குக் கொடுக்கண்டாமா?”

அக்கா மறுநாள் ஒரு டப்பா போளியும் பால் பாயசமும் கொண்டுவந்தாள். எல்லோரும் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன், நாலு போளி.

இந்த இடத்தில் செஸ் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். டீம் போட்டியில் நாலு போர்டு. எதிர் டீமின் முதல் போர்டு நம் முதல் போர்டோடு ஆடும், இரண்டாவது இரண்டாவதோடு, அப்படியே. முதல் போர்டில் பலமான ஆள் இருப்பதுதான் ஊர் வழக்கம். ஆனால் யாரை எங்கே போடுவது என்பது கேப்டன் இஷ்டம். ஆகவே சில கேப்டன்கள் ஒரு வேலை செய்வார்கள். இருப்பதிலேயே தோற்கக்கூடிய ஆளை முதல் போர்டில் போடுவார்கள். எதிராளியின் பெரிய புலி அங்கே வந்து ஒரு ஆட்டைத் தின்றுவிட்டுப் போகும். மற்ற மூன்று பேருக்கும் தங்களைவிடச் சின்ன ஆட்கள் கிடைப்பார்கள். மூன்றுக்கு ஒன்று, மேட்ச் நமக்கு. விதியில் இது குற்றமில்லை. புத்திசாலித்தனம் என்றே பெயர். தின்னப்படுகிற ஆளிடம் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுவிட்டால் எனக்கும் கோபம் இல்லை. அக்காவிடம் சொல்லவில்லை.

மற்ற மூன்று பேருக்கும் தெரியும். அண்ணாச்சி, அனூப், நாலாம் போர்டு நான். இதற்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் உண்டானது. அதற்கு ‘ஆடு நம்பர் ஒன்று’ என்று பெயர் வைத்தது நான். ஆட்டுக்குக் கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம், முன்னால் செஸ் போர்டு என்று ஒரு படம் செய்து போட்டதும் நான். அண்ணாச்சி எட்டுச் சிரிப்பு அனுப்பினார். கிளப்பில் டீயில் உப்புப் போடுவதும் கடிகாரத்தில் பேட்டரியைத் திருப்பிப் போடுவதும் என் வழக்கம்தான், இதுவும் அந்த வகை என்று நினைத்துக்கொண்டேன். நினைப்பதற்கு என்ன செலவு.

அக்கா அந்த மூன்று வாரமும் நாலு மணிக்கு எழுந்து போனில் ஆட்டங்களைப் படித்தாள். ஊசி குத்துகிற வீடுகளிலெல்லாம் சொன்னாள். கோட்டைப் பகுதியில் ஒரு சர்க்கரை நோயாளி மாமி, ஜெயித்துவிட்டு வா, அதுவரை இந்தக் கையை வேறு யாருக்கும் நீட்டமாட்டேன் என்றாளாம். மகள் அஞ்சுவும் ஸ்கூலில் டீச்சரிடமே சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதான் லேபில் கூட்டம் அதிகம். இரண்டு ஞாயிறு லீவு கேட்டு, அதற்குப் பதிலாக ஓண விடுமுறை மூன்று நாளும் வேலைக்கு வருவதாக எழுதிக் கொடுத்தாள்.

போட்டி ஆற்றுகால் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். முதல் ஞாயிறு இரண்டு சுற்று. அக்கா இரண்டிலும் தோற்றாள். நாங்கள் மூன்று பேரும் ஜெயித்தோம். திட்டம் கடிகாரம் மாதிரி ஓடியது. இரண்டாவது தோல்விக்குப் பிறகு அவள் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“எல்லாரும் பாய்ண்ட் எடுத்துட்டு வாறீங்க. நான் மட்டும் போட்டுட்டு வாறேன். சாரி அண்ணாச்சி.”

“சாரமில்ல பகவதி, போகட்டும்,” என்றார் அண்ணாச்சி. “நீ உன் கேம விளையாடு. மிச்சத்த நாங்க பாத்துக்கிடுதோம்.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கருணை இருந்தது. நிஜமான கருணை. அவர் கெட்டவராகச் சிரித்திருந்தால் எனக்கு இன்றைக்கு மனசு ஆறியிருக்கும்.

அடுத்த ஞாயிறு காலை இன்னும் இரண்டு சுற்று. அக்கா இரண்டும் தோற்றாள். அதில் ஒன்று கடைசிவரை சமமாகப் போய், நேரம் தீர்ந்து தோற்றது. அப்போதாவது யாராவது ஒருவர் அதைக் கவனித்திருக்கவேண்டும். அண்ணாச்சி அந்த ஆட்டத்தைத் திரும்பியே பார்க்கவில்லை. நாலு மேட்சும் எங்களுக்கு. மத்தியானம் கடைசிச் சுற்று, விழிஞ்ஞம் டீமோடு. மேட்ச் இரண்டுக்கு இரண்டு என்று சமனானாலே கோப்பை எங்களுக்கு.

மண்டபத்துக்குப் பின்னால் இலையைப் பிரித்துத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணாச்சி கை கழுவப் போயிருந்தார். கடைசிச் சுற்றில் யாருக்கு என்ன நிறக் காய் என்று அக்கா கேட்டாள். பட்டியலின் போட்டோ அனூப் போனில் இருந்தது. அனூப் இடது கையால் போனைத் திறந்து அவளிடம் நீட்டினான். “நோக்கிக்கோ சேச்சி,” என்று சொல்லிவிட்டு அப்பளத்தை உடைத்தான்.

அதே சமயம் அண்ணாச்சி கை கழுவுகிற இடத்தில் நின்று குரூப்பில் ஒரு செய்தி அனுப்பினார். போனின் மேலே வந்து விழுந்ததை அக்கா தொட்டாள். நாலு சுற்றிலும் ஆடு ஒழுங்காக வெட்டுப்பட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி, விழிஞ்ஞத்தின் முதல் போர்டு தாசையனுக்கு இலை போட்டாச்சு என்று எழுதியிருந்தார்.

அக்கா மேலே தள்ளித் தள்ளிப் படித்தாள். மூன்று வாரம் முழுவதையும் படித்தாள். மாலை போட்ட ஆட்டின் படத்தில் கொஞ்சம் நின்றாள். நான் அவள் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அனூப் என் முழங்காலை இடித்தான். போனைப் பிடுங்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

படித்து முடித்துப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். “பிளாக்,” என்றாள். “எனக்குக் கறுப்புக் காய்.” இலையில் பாதிச் சோறு இருந்தது. மடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

தாசையன் விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஐஸ் பிளான்ட்டில் வேலை பார்க்கிறவர். அறுபதை ஒட்டிய வயது. ஐஸைப் பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். மாவட்டச் சாம்பியனாக இரண்டு தடவை வந்தவர். எதிரில் ஒரு பெண் நாலு தோல்வியோடு வந்து உட்காருகிறாள் என்று அவர் சிரிக்கவும் இல்லை, இரக்கப்படவும் இல்லை. கையைக் கொடுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார்.

அதுவரை அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எதிராளியின் காயை வெட்டும்போது மெல்ல “சாரி” என்பாள். அன்றைக்கு முதல் சிப்பாயை வெட்டி எடுத்து மேஜையில் வைத்த சத்தம் நாலாம் போர்டில் எனக்குக் கேட்டது.

பன்னிரண்டாவது நகர்த்தலில் தாசையன் தன் பிஷப்பைக் கொண்டுவந்து அவள் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயைத் தின்றார். சும்மா கிடைக்கிற பிஷப். எடுத்தால் ராஜா வீட்டைவிட்டு வெளியே இழுபடும், பின்னாலேயே குதிரையும் ராணியும் பாயும். பெரிய ஆட்கள் சின்ன ஆட்களுக்குப் போடுகிற பழைய தூண்டில் இது. நானாக இருந்தால் மூலையில் பதுங்கியிருப்பேன். அதுவும் தோல்விதான், கொஞ்சம் மெதுவாக வரும்.

அக்கா எடுத்தாள். குதிரை பாய்ந்து செக் வைத்தது. திரும்பி வீட்டுக்குள் போனால் நாலைந்து நகர்த்தலில் கதை முடியும். எட்டு நிமிடம் யோசித்தாள். பிறகு ராஜாவை முன்னால் வைத்தாள். தன் சிப்பாய்களையும் தாண்டி, வெட்டவெளியில், ராஜா தனியாக. அடுத்த போர்டிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். தாசையன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

என் ஆட்டம் சீக்கிரம் முடிந்தது, ஜெயித்தேன். எதிரில் இருந்த ஆள் என்னைவிட மோசம், அதுதானே திட்டம். அனூப் ஒரு குதிரையைக் கவனிக்காமல் விட்டுத் தோற்றான். அண்ணாச்சி டிரா. மொத்தம் ஒன்றரை. இன்னும் அரைப் புள்ளி கிடைத்தால் கோப்பை. மிச்சம் இருந்தது முதல் போர்டு ஒன்றுதான்.

நாங்கள் மூன்று பேரும் போய் நின்றோம். ஆட்டுக்கு ஒரு பிஷப் கூடுதல். ஆனால் தாசையனுக்கு மூன்று சிப்பாய் கூடுதல், அவருடைய ராணி அவள் ராஜாவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு ஒன்பது நிமிடம், அவருக்குப் பதினாறு.

டீம் போட்டியில் கேப்டன் வந்து டிரா கேள் என்று தன் ஆளிடம் சொல்லலாம். காய்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, இதை மட்டும் சொல்லலாம். அண்ணாச்சி குனிந்தார்.

“பகவதி, டிரா கேளு.”

அக்கா போர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கேக்குதா? டிரா போதும். கப்பு நமக்கு.”

“உங்க கேம் முடிஞ்சாச்சா அண்ணாச்சி?”

“முடிஞ்சு.”

“அப்போ போயி இரிங்க.”

அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. கடைப் பையன்களைத்தான் அவர் போய் இரு என்று சொல்லிப் பழக்கம். என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுடே. நீ சொன்னா கேப்பா.”

எதைச் சொல்வது? டிரா என்றால் கோப்பை அண்ணாச்சியின் திட்டத்துக்கு. பாரத்தில் அவள் பெயரை எதற்காக எழுதினார்களோ அதற்குமேல் அக்கா ஒன்றும் ஆகமாட்டாள். தோற்றால் கோப்பை விழிஞ்ஞத்துக்கு, பழி அவளுக்கு, இனி ஜென்மத்துக்கும் போர்டு கிடையாது. அவள் ஜெயிக்கவேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு இருந்தது.

“பகவதி, நான் கேப்டனாக்கும் சொல்லுதேன்.”

நடுவர் வந்துவிட்டார். “கேப்டன் ஒரு பிராவசியம் பறயலாம். நிங்கள் மூணு தடவ சொல்லியாச்சு. மாறி நில்லுங்கோ சாரே.”

மூன்று பேரும் விலகி நின்றோம். அனூப் என் காதில், “இவ நம்மளத் தோப்பிக்கும்டா,” என்றான். எனக்கு அவனை அறையவேண்டும்போல இருந்தது. அதைவிட என்னை.

அக்கா ராணிக்கு ராணி கொடுத்தாள். அதற்காக இன்னொரு சிப்பாயையும் விட்டாள். இப்போது அவளுக்கு ஒரு பிஷப் கூடுதல், அவருக்கு நாலு சிப்பாய் கூடுதல். இரண்டு பக்கத்திலிருந்தும் அவை ஓடத் தொடங்கின. ஒன்று கடைசி வரிசையைத் தொட்டாலும் ராணியாகிவிடும். கடிகாரத்தில் மூன்று நிமிடம். ஆனால் ராணிகள் போனபிறகு வெட்டவெளியில் நிற்கிற ராஜாவைத் துரத்த யாரும் இல்லை. தாசையனின் ராஜா இன்னும் வீட்டுக்குள்ளே ஒதுங்கிக் கிடந்தது. அக்காவுடையது ஏற்கெனவே நடுத்தெருவில். அது நடந்து போய் ஒரு சிப்பாயைத் தின்றது. பிஷப் மறுபக்கத்தில் இரண்டை மறித்தது. ராஜா திரும்பி நடந்து வந்து அவற்றையும் தின்றது. அவளுடைய சிப்பாய் ஒன்று ராணியாவதற்கு வழி திறந்துவிட்டது. அக்கா வேகமாக ஆடவில்லை. ஒவ்வொரு தடவையும் நகர்த்தி, கடிகாரத்தை அமுக்கி, எழுதி, பேனாவை வைத்தாள். மண்டபத்தில் நாற்பது பேர் அந்த மேஜையைச் சுற்றி நின்றிருப்பார்கள்.

தாசையன் கொஞ்சநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தை நிறுத்தி, தோல்வியை ஒத்துக்கொண்டு வெடித்த கையை நீட்டினார்.

அண்ணாச்சிதான் முதலில் கைதட்டினார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, “நான் அப்பமே சொன்னம்லா, நம்ம ஃபர்ஸ்ட் போர்டு இவதான்னு,” என்றார். பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். அவருக்கு அது பொய் என்று அந்த நிமிடம் தோன்றவில்லை என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்ட ஆட்களிடம் என்ன சண்டை போடுவது.

அக்கா நடுவரின் தாளில் கையெழுத்துப் போட்டாள். தாசையன் காய்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். “மோளே, இரி. போவாத. ராஜாவ முன்ன வச்சியே, எந்த தைரியத்துல?”

“தைரியம் ஒண்ணும் இல்ல. வேற எடம் இல்லல்லா.”

“ஓ, ஒண்ணு உண்டு. காட்டித் தாறேன். என் ராணி இங்க வந்திருந்தா?”

“வந்தா நான் சிப்பாயத் தள்ளுவேன்.”

மேடையிலிருந்து போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். “வா பகவதி,” என்றார் அண்ணாச்சி. “அப்புறம் பேசலாம்.”

“போட்டோவுக்கு மூணு பேரு போதும் அண்ணாச்சி. குரூப்புலயும் மூணு பேருதானே.”

அண்ணாச்சி அனூப்பைப் பார்த்தார். அனூப் செருப்பைப் பார்த்தான். “அது சும்மா தமாசுக்கு,” என்றார் அண்ணாச்சி. “இந்தப் பய பண்ணின வேல. இவனுக்கு வேற சோலி கெடையாதுன்னு உனக்குத் தெரியாதா?”

திட்டம் அவருடையது, ஆட்டுக்குப் பொட்டு மட்டும்தான் நான் வைத்தேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அக்கா என்னிடம்தான் கேட்டாள்.

“ஆடுன்னு பேரு வச்சது யாருடே?”

“நான்தான்.”

“படம்?”

“அதுவும்.”

“தெரியும். பக்கத்துல உன் பேரு இருந்துச்சு.”

“பின்னே எதுக்குக் கேட்டீங்க?”

“சொல்லுவியான்னு பாத்தேன்.” ஒரு கறுப்புச் சிப்பாயை எடுத்து அதன் கட்டத்தில் வைத்தாள். “சொன்னதால மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. ஒம்பது வருஷம் காய் அடுக்கினேன்டே. ஒருத்தனாவது சொல்லியிருக்கலாம், இன்னதுக்காக்கும் ஒன்ன இருத்துதோம்னு. கேட்டா நான் சரின்னுதான் சொல்லியிருப்பேன். டீமுக்குத்தானே. மூணு வாரம் எம்மவ ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சா.” அத்தனையும் சத்தம் போடாமல் சொன்னாள். “போ. போட்டோவுல நில்லு. உன் பாய்ண்டும் அதுல உண்டுல்லா.”

நான் போய் நின்றேன். நிற்காமல் இருந்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. மேடையிலிருந்து பார்த்தபோது தாசையன் ஏதோ காட்ட, அக்கா தலையை ஆட்டி மறுத்து, வெள்ளைக் குதிரையை அவர் கையிலிருந்து வாங்கி வேறு கட்டத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் சண்டைபோடுகிறமாதிரி குனிந்திருந்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். அண்ணாச்சி சிரித்தார்.

அக்கா அதன்பிறகு கிளப்புக்கு வரவில்லை. அடுத்த மாதம் நெய்யாற்றின்கரைப் போட்டிக்கு அண்ணாச்சி பாரம் நிரப்பினார். முதல் போர்டில் பகவதி என்று எழுதினார், இந்தத் தடவை நெசமாகவே. எழுதிவிட்டு அக்காவிடம் போனில் பேசச் சொல்லி என்னை அனுப்பினார். அக்கா எடுத்தாள். பின்னால் யாரோ கைக்குப் பஞ்சு கேட்கிற சத்தம். அண்ணாச்சி சொன்னதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பதினாறு வீடு இருக்கிறது, வரமுடியாது என்றாள்.

“அக்கா, கோவம் போயாச்சா?”

“இல்ல,” என்றாள். “எனக்கு டயம் ஆச்சு. வை.”